பட்டி பார்த்த ஓட்டைகள்

என் வீட்டுக்காரருக்கு ஓட்டையைக் கண்டால் ஆகாது. ஆணி பிடுங்கிய குழி, சுவரில் மயிரிழை விரிசல், கதவுச் சட்டத்தில் எறும்பு நுழைகிற இடுக்கு, எதுவாக இருந்தாலும் சரி, பட்டி குழைத்து அப்பி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, மேலே வண்ணம் பூசி, அங்கே அப்படி ஒன்று இருந்ததே இல்லை என்று ஆக்கினால்தான் அவருக்குச் சோறு இறங்கும். பெயின்டர் என்றால் அப்படி ஒரு பெயின்டர். இதைப் பாராட்டு என்று நினைத்துவிட வேண்டாம். முழுவதையும் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

நான் செய்வது தகர வேலை. கூரை விளிம்பு நெடுக ஓடி, மழைத் தண்ணீரை வாங்கி, மூலையில் இருக்கும் குழாயில் இறக்கிவிடுகிற வாய்க்கால் இருக்கிறதே, அதுதான் என் பிழைப்பு. தொழிலில் கட்டர் என்போம். அவர் சுவரோடு நிற்கிறவர், நான் கூரையில் தொங்குகிறவள். சில சமயம் ஒரே கட்டடத்தில் இருவருக்கும் வேலை கிடைக்கும். அப்படிக் கிடைத்த ஒரு வேலையில்தான் எங்களுக்குப் பழக்கமாகிக் கல்யாணம் வரை போனது. அப்படிக் கிடைத்த இன்னொரு வேலையில்தான் எல்லாம் முறியப் பார்த்தது.

அது ஒரு பள்ளிக்கூடக் கட்டடம். கல்யாணமான புதிது. நான் கட்டர் மாட்டி முடித்துவிட்டு ஏணியிலிருந்து இறங்கினேன். இவர் அண்ணாந்து பார்த்து, "நல்லா இருக்கு, ஆனா..." என்று இழுத்தார். அந்த 'ஆனா'வுக்குப் பின்னால் என் குழாய் இணைப்புகள் ஒவ்வொன்றையும் வரிசையில் நிறுத்திக் கேள்வி கேட்டார். நான் விடுவேனா? "உங்க சுவரும் நல்லா இருக்கு, ஆனா..." என்று ஆரம்பித்து, வண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருந்த தூரிகை மயிரை எல்லாம் எண்ணிக் காட்டினேன். பள்ளிக்கூடப் பிள்ளைகள் பாடத்தை விட்டுவிட்டு ஜன்னலில் வந்து நின்றார்கள். அதற்குப் பிறகு பல நாள் எங்கள் அறையில் பேச்சே இல்லை. உப்பு வேண்டுமென்றால்கூடச் சுவரைப் பார்த்துத்தான் கேட்டோம்.

கடைசியில் பஞ்சாயத்துக்கு வந்தது என் ஓரகத்தி. இவருடைய அண்ணன் மனைவி. அவர்கள் வீட்டின் பின்னறையில்தான் நாங்கள் குடியிருந்தோம், அதனால் எங்கள் சண்டையில் பாதி அவள் காதில்தான் விழும்.

"இனிமே ஒருத்தர் வேலையைப் பத்தி இன்னொருத்தர் வாயே திறக்கக் கூடாது," என்று தீர்ப்புச் சொன்னாள். "குறையும் சொல்லக் கூடாது, பாராட்டவும் கூடாது."

"பாராட்டினா என்னக்கா?" என்றேன்.

"பாராட்டுலதானே ஆரம்பிச்சுது!"

அன்று முதல் அதுதான் எங்கள் வீட்டுச் சட்டம். அரசாங்கச் சட்டத்தைக்கூட இவ்வளவு ஒழுங்காக யாரும் கடைப்பிடித்திருக்க மாட்டார்கள். வருடக் கணக்கில் அவர் என் கட்டரைப் பார்த்தும் பார்க்காதது போல் போவார், நான் அவர் சுவரைப் பார்த்தும் பார்க்காதது போல் போவேன். ஊரில் எங்களை ஒற்றுமையான ஜோடி என்றார்கள். சண்டை இல்லை, அது உண்மை. ஆனால் நாள் முழுக்க வெயிலில் காய்ந்து ஒரு வேலையை முடித்துவிட்டு, வீட்டில் ஒரு ஆளிடமிருந்து 'நல்லா வந்திருக்கு' என்ற ஒரு சொல் கேட்க முடியாமல் படுப்பது எனக்குப் பிடிக்கவில்லை. சட்டம் சட்டம்தான் என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

இப்படி இருந்த நாங்கள் சொந்தமாக ஒரு வீடு கட்டினோம். சிறிய வீடுதான். கொத்தனாரும் தச்சரும் போன பிறகு கூரை வேலை என்னுடையது, சுவர் வேலை அவருடையது. எல்லாம் முடிந்து, நகராட்சியிலிருந்து ஆள் வந்து பார்த்து, குடிபோகலாம் என்று கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி. அந்தக் கையெழுத்து இல்லாமல் மின்சாரம் கிடையாது, குழாய்த் தண்ணீர் கிடையாது. இங்கேயோ ஓரகத்தியின் மகள் கைக்குழந்தையோடு ஞாயிற்றுக்கிழமை வருகிறாள். பின்னறை அவளுக்கு வேண்டும். "உங்களை நான் போகச் சொல்லலை. குழந்தைதான் சொல்லுது," என்று ஓரகத்தி சிரித்துக்கொண்டே சொன்னாள். சிரிப்பு வாயில் மட்டும்தான் இருந்தது.

பார்க்க வருகிறவர் வெள்ளிக்கிழமை வருவதாகச் சொன்னார்கள். சனிக்கிழமையிலிருந்து அவருக்கு நீண்ட விடுப்பு. வெள்ளியை விட்டால் மழைக்காலம் முடிந்துதான் அடுத்த முறை.

அந்த ஆளுக்குத் தொழிலில் இருக்கிறவர்கள் வைத்த பெயர் குடைக்காரர். வெயிலில் குடையை விரிக்க மாட்டார், மழையிலும் விரிக்க மாட்டாராம். கட்டர் சோதனைக்கு மட்டும்தான் விரிப்பார். சோதனை இதுதான்: கீழே இறங்கும் குழாயின் வாயைத் துணிப்பந்தால் அடைத்துவிட்டு, கட்டருக்குள் தண்ணீரைத் திறந்துவிட வேண்டும். இலையோ குருவிக்கூடோ குழாயை அடைத்துக்கொண்டால் என்ன ஆகும் என்று பார்ப்பதற்கு. இப்போது எல்லோரும் ஆசைப்படுகிற கட்டர் முன்பக்கம் உயரம், பின்பக்கம் குட்டை. தெருவிலிருந்து பார்க்க எடுப்பாக இருக்கும். குழாய் அடைத்துக்கொண்டால் தண்ணீர் எந்தப் பக்கம் வழியும்? குட்டையான பக்கம்தான், அதாவது வீட்டுக்குள். அதனால் முன்பக்கத் தகரத்தில், பின்விளிம்பைவிடத் தாழ்வாக, வரிசையாக ஓட்டைகள் போட வேண்டும் என்பது கட்டட விதி. நிரம்பினால் தண்ணீர் அந்த ஓட்டைகள் வழியாக வாசலில் கொட்டும், உட்கூரையைத் தொடாது. ஓவர்ஃப்ளோ என்று பெயர். குடைக்காரர் குடையை விரித்துக்கொண்டு நேர் கீழே நிற்பார். குடை நனைந்தால் பாஸ்.

நான் போட்டிருந்தேன். ஒரே அளவில், ஒரே இடைவெளியில், ஓரத்தை எல்லாம் அரம் போட்டு மழமழப்பாக்கி. யாரும் பாராட்டப் போவதில்லை என்று தெரிந்தும் அப்படிச் செய்தேன், அது என் திமிர்.

வியாழக்கிழமை எனக்கு வேறிடத்தில் வேலை. இவர் தனியாக இருந்து வெளிப்பக்கம் கடைசிப் பூச்சு முடித்தார். வெள்ளி காலையில் போய்ப் பார்த்தேன். வெயில் கண்ணில் அடித்தது. என் கட்டர் வெள்ளை வெளேரென்று வாசலுக்கு மேலே நீண்டிருந்தது. எதிலோ ஒரு வித்தியாசம், எதில் என்று பிடிபடவில்லை. 'எவ்வளவு அழகாகப் பூசியிருக்கிறார்' என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. சட்டத்தை நினைத்து விழுங்கிக்கொண்டேன்.

குடைக்காரர் வந்தார். ஓரகத்தியும் வந்தாள், நாங்கள் காலி பண்ணப் போவதைக் கண்ணாலேயே பார்த்து உறுதி செய்துகொள்ள. வெளியே வெயிலாக இருக்கிறது என்று கூடத்துக்குள் போய் நின்று, இவர் பூசிய சுவரைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பக்கத்து வீட்டுக் குழாயிலிருந்து இழுத்த ஹோஸோடு ஏணியில் ஏறி, மூலையில் குழாய் வாயைத் துணியால் அடைத்தேன். இவர் ஏணியைப் பிடித்துக்கொண்டார். குடைக்காரர் வாசலுக்கு நேரே நின்று குடையை விரித்துத் தலைக்கு மேல் பிடித்தார்.

"திறங்கம்மா," என்றார்.

திறந்தேன். தண்ணீர் கட்டருக்குள் பாய்ந்து, துணியில் முட்டி, திரும்பி, மெல்ல ஏறியது. நான் ஓட்டைகளைப் பார்த்தேன். ஓட்டை இருந்தால் அதன் வழியாகத் தெரு தெரிய வேண்டும், வெளிச்சம் தெரிய வேண்டும். அங்கே வரிசையாக, ஒரே அளவில், ஒரே இடைவெளியில், கல்லு மாதிரி இறுகிய பட்டி தெரிந்தது.

கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தேன். பட்டிதான். குனிந்து இவரைப் பார்த்தேன். இவர் ஏணியைப் பிடித்தபடி, பெரிய காரியம் ஒன்றைச் சத்தமில்லாமல் முடித்துவிட்டவர் போல எனக்கு லேசாகக் கண்ணடித்தார்.

"என்னம்மா, தண்ணியே வரலை?" என்றார் குடைக்காரர், குடைக்குள்ளிருந்து எட்டிப் பார்த்து.

"ஐயோ!" என்று கூடத்துக்குள்ளிருந்து ஓரகத்தியின் அலறல் கேட்டது. "அடியே, தண்ணி வருதுடி! என் தலையிலேயே வருது!"

தண்ணீரை நிறுத்திவிட்டுத் துணியைப் பிடுங்கி எறிந்து இறங்கினேன். ஓரகத்தி கூந்தலைப் பிழிந்துகொண்டே வெளியே வந்தாள். அவளுக்குப் பின்னால் கூடத்துச் சுவரில் தண்ணீர் கோடு கோடாக இறங்கிக்கொண்டிருந்தது. குடைக்காரர் காய்ந்த குடையை மடக்கினார். அது மடங்குகிற சத்தத்தில் என் வீடும் சேர்ந்து மடங்கியது போல இருந்தது.

"ஓவர்ஃப்ளோ போடலையா?"

"போட்டிருக்கு சார். அடைச்சிருக்கு."

"யாரு அடைச்சது?"

இவர் என் பக்கத்தில் பேந்தப் பேந்த விழித்துக்கொண்டு நின்றார். ஒரு சொல் போதும், 'இதோ நிற்கிறாரே, இவர்தான்' என்று. சொல்லவில்லை. பெருந்தன்மை என்று நினைக்காதீர்கள். அவரை முதலில் திட்டுகிற உரிமை எனக்கு மட்டும்தான், வெளியாளுக்கு விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை.

"கட்டர் என் வேலை சார். என் பொறுப்பு," என்றேன்.

"நான்தான் சார் அடைச்சேன்," என்றார் இவர்.

"ஏன்?"

"ஓட்டை இருந்துச்சு," என்றார், இதைவிடக் காரணம் வேண்டுமா என்பது போல. பிறகு குரலைத் தாழ்த்தி, "இவ தப்பா எங்கயோ அளவு எடுத்து ஓட்டை போட்டுட்டான்னு நெனைச்சேன். நீங்க வந்து பார்த்து ஏதாச்சும் சொல்லிட்டா இவளுக்கு அசிங்கமாயிடுமே. அதான், தெரியாம அடைச்சுடலாம்னு..."

என் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. எனக்குக் கோபம் ஏறினால் முதலில் 'ங்க' கழன்று விழுந்துவிடும். அது இவருக்கும் தெரியும்.

"தப்பா? யாராச்சும் வரிசையா, ஒரே அளவுல, அரம் போட்டுத் தேய்ச்சுத் தப்பு பண்ணுவாங்களா? என்கிட்ட ஒரு வார்த்தை கேட்கக் கூடாதா நீ?"

"நீ தப்பு பண்ணாலும் வரிசையாத்தானே பண்ணுவே," என்றார். "கேட்டா சட்டத்தை மீறினதா ஆகும்ல?"

"எந்தச் சட்டம்?" என்று குடைக்காரர் கேட்டார். கட்டடச் சட்டத்தில் தனக்குத் தெரியாமல் ஏதோ திருத்தம் வந்துவிட்டது என்று அவருக்குக் கவலை.

ஓரகத்திதான் சொன்னாள், முந்தானையால் தலையைத் துவட்டிக்கொண்டே, முழுவதையும். பள்ளிக்கூடத்திலிருந்து ஆரம்பித்து, தன் தீர்ப்பு வரை. குடைக்காரர் பொறுமையாகக் கேட்டார். சிரிக்கக்கூட இல்லை. எங்களையும் கட்டரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இன்னைக்குச் சாயங்காலம் வரைக்கும்தான் நான் டியூட்டில இருப்பேன். அடுத்த தெருவுல இன்னொரு வீடு பார்க்கணும். முடிச்சுட்டு இந்தப் பக்கமாத்தான் போவேன்," என்று சொல்லிவிட்டுக் குடையைக் கையில் மாட்டிக்கொண்டு நடந்தார்.

இரண்டு ஏணிகளைச் சாத்தினோம். நான் பேட்டரி டிரில்லை எடுத்தேன்.

"டிரில் போட்டா பெயின்ட் உரியும்," என்றார் இவர்.

"உரியட்டும். வீட்டுக்கு வெள்ளையடிச்சு வேடிக்கை பார்க்கவா கட்டினோம்?"

"முதல்ல பிளேடால சுத்திக் கீறி விடறேன். நீ உள்பக்கமிருந்து ஸ்க்ரூடிரைவரால தள்ளு. அப்படியே கட்டியா வந்துடும்."

முதல் ஓட்டையில் செய்து பார்த்தோம். வந்துவிட்டது, ஓரம் கசங்காமல். அதைப் பார்த்து எனக்குக் கோபம் குறைவதற்குப் பதிலாக ஏறியது. இவ்வளவு நேர்த்தி தெரிந்த மனுஷன் ஒரு வார்த்தை கேட்கத் தெரியாமல் இருந்திருக்கிறாரே என்று.

"அந்த ஆஸ்பத்திரி வேலையில ஜன்னல் கட்டைக்குக் கீழே பூசாம விட்டே, அன்னைக்கு நான் ஏதாச்சும் கேட்டேனா?" என்றேன்.

"நீ மட்டும்? அந்த மாடி வீட்டுல குழாயைப் போய் வாசக்கதவுக்குப் பக்கத்துல இறக்கினே. பார்க்கச் சகிக்கல. நான் வாயைத் திறந்தேனா?"

"அங்கதான்யா சாக்கடை இருந்துச்சு!"

"எனக்கு எப்படித் தெரியும்? நீ சொன்னியா?"

இப்படியே ஓட்டைக்கு ஓட்டை ஒரு கட்டடம். வருடக் கணக்கில் இரண்டு பேரும் விழுங்கி வைத்திருந்ததெல்லாம் வெளியே வந்தது. கீழே பட்டிக் கட்டிகள் விழுந்துகொண்டிருந்தன. ஓரகத்தி வாசற்படியில் சம்மணம் போட்டு உட்கார்ந்து அண்ணாந்து கேட்டுக்கொண்டிருந்தாள். தெருவில் போகிறவர்கள் நின்றார்கள். எனக்கு வெட்கமாகவே இல்லை. நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த ஏதோ ஒன்று இறங்கியது போல, சொன்னால் நம்ப மாட்டீர்கள், சந்தோஷமாக இருந்தது. நடுவில் இவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தால் பிளேடு பிசகும் என்று உதட்டைக் கடித்துக்கொண்டு கீறினார்.

கடைசி ஓட்டையைத் திறக்கவும் குடைக்காரர் திரும்பி வரவும் சரியாக இருந்தது. ஓரகத்தி இந்த முறை கூடத்துக்குள் போகவில்லை. தெருவின் மறுபக்கத்துக்கே போய் நின்றுகொண்டாள். நான் குழாயை அடைத்தேன். குடை விரிந்தது. தண்ணீர் ஏறியது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன்.

முதலில் எங்கோ ஒட்டியிருந்த ஒரு பட்டிக் கட்டிதான் குடை மேல் 'டொக்' என்று விழுந்தது. அதன் பின்னாலேயே தண்ணீர். எல்லா ஓட்டைகளிலிருந்தும் ஒரே நேரத்தில், வெளியே வளைந்து, குடை மேல் தடதடவென்று கொட்டியது. குடைக்காரரின் கால்சட்டை முழங்கால் வரை நனைந்தது. இவர் ஓடிப்போய்க் கூடத்தைப் பார்த்துவிட்டு வந்து, "உள்ளே ஒரு பொட்டு இல்ல!" என்று கத்தினார்.

"சரியா வாசல்ல விழுதேம்மா," என்றார் குடைக்காரர். "கொஞ்சம் தள்ளி விழற மாதிரிப் போட்டிருக்கலாமே?"

"வேணும்னுதான் சார். தள்ளி விழுந்தா யாரு பார்க்கறது? போறப்ப வரப்ப எங்க தலையில விழுந்தாத்தான் குழாய் அடைச்சிருக்குன்னு எங்களுக்கு உறைக்கும்."

அவர் இவரையும் என்னையும் ஒரு பார்வை பார்த்தார். "ஆமா. உறைக்கணும்," என்று சொல்லி, ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் குடிபோனோம். ஓரகத்தி வந்து பாத்திரம் அடுக்கிக் கொடுத்தாள். போகும்போது, "நான் சொன்ன தீர்ப்பை வாபஸ் வாங்கிக்கறேன்," என்று சொல்லிவிட்டுப் போனாள். வாபஸ் வாங்கிவிட்டால் போதுமா? பழக்கம் விடுமா? சண்டையில் பேசியது வேறு, சும்மா இருக்கும்போது பேசுவது வேறு. அடுத்து வந்த நாட்களில் இருவரும் பழையபடியே ஆகிவிட்டோம். அவர் சுவரை நான் பார்ப்பேன், பேச வாயெடுப்பேன், வேறு எதையாவது கேட்டு வைப்பேன்.

பிறகு ஒரு நாள் பிற்பகலில் மழை பிடித்துக்கொண்டது. நல்ல மழை. வாசலில் நின்று பார்த்தேன். ஓட்டைகளில் ஒரு சொட்டு வரவில்லை. குழாய் ஒழுங்காக இழுக்கிறது என்று அர்த்தம், ஆனாலும் கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருந்தது. இவர் கொல்லைப்புறத்திலிருந்து தொப்பலாக நனைந்து வந்தார். வந்தவர் துவட்டிக்கொள்ளாமல், தலையைச் சொறிந்துகொண்டு அப்படியே நின்றார்.

"பின்பக்கம் கட்டர் கோணலா இருக்கு," என்றார். "ஒரு மூலைக்கும் இன்னொரு மூலைக்கும் ரெண்டு விரல் வித்தியாசம். நான் பூசற அன்னைக்கே பார்த்தேன். இப்ப நிமிர்த்திடலாம்னு ஏணியைக்கூடச் சாத்திட்டேன்."

எனக்கு உயிரே போய்விட்டது.

"நிமிர்த்திட்டியா?"

"இல்ல. ஒரு படி ஏறினேன். அப்புறம் இறங்கிட்டேன். உன்னைக் கேட்டுட்டுச் செய்யலாம்னு வந்தேன்."

மழை தன்பாட்டுக்குப் பெய்துகொண்டிருந்தது. சட்டம் வந்த இத்தனை வருடத்தில் என் வேலையைப் பற்றிச் சண்டை இல்லாமல் அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி அது. இந்த மனுஷன் மேல் எனக்கு எவ்வளவு பிரியம் என்று அந்த நிமிடம்தான் எனக்கே தெரிந்தது.

"அது கோணல் இல்லைங்க," என்றேன். "சாய்வு. குழாய்ப் பக்கமாத் தண்ணி ஓட வேண்டாமா?"

அவர் திரும்பிப் போய் எட்டிப் பார்த்தார். தண்ணீர் சாய்வில் வழுக்கிக்கொண்டு ஓடுவதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு வந்தார்.

"அப்ப அழகாத்தான் இருக்கு," என்றார்.

நான் துண்டை எடுத்துக் கொடுத்தேன். பதிலுக்கு நானும் ஏதாவது சொல்ல வேண்டும் என்று வாய் துறுதுறுத்தது.

"கூடத்துச் சுவரை நீங்க திரும்பப் பூசினது தெரியவே இல்லை. ரொம்ப நல்லா இருக்கு," என்றேன். "ஆனா..."

துண்டு அவர் தலையிலேயே நின்றுவிட்டது. "ஆனா?"

"சமையலறை கலர்தான் எனக்குப் பிடிக்கவே இல்லை."

சமையலறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"எனக்கும்தான்," என்றார். "அடிச்ச அன்னையிலிருந்தே பிடிக்கலை. நீ ஒண்ணும் சொல்லலையேன்னு விட்டுட்டேன்."